ஓசை எங்கே நின்றது?

(இரண்டாமாண்டு இளமறிவியல் இயற்பியல் மாணவன்)

விசையை அழுத்தினால் ஓசை எழ வேண்டும். இது குழந்தைக்கும் தெரிந்த விதி. அழுத்தியும் ஓசை எழாவிட்டால் என்ன செய்வது? "கருவி கெட்டுவிட்டது" என்று கூறிவிட்டு எழுந்து போய்விடுவது எளிது. நானும் அவ்வாறே கூறினேன். நான் கூறியது தவறு என்று கண்டுகொள்ள எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன. அவ்விரண்டு இரவுகளில் நான் கற்றதைச் சக மாணவ நண்பர்களோடும், பிழையிருப்பின் பொறுத்துத் திருத்தும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் கல்லூரி நுண்கலை மன்றத்துக்கு 61 விசைகள் கொண்ட கீபோர்டு ஒன்று உண்டு. இவ்வாண்டு கல்லூரி விழாவுக்குப் பத்து நாள்கள் இருக்கையில் அதனை உறையிலிருந்து எடுத்தபோது அது ஊமையாகிக் கிடந்தது. விளக்கு எரிந்தது, சிறு திரையில் எழுத்துகள் தோன்றின, ஓசை மட்டும் இல்லை. நகரில் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். கடைக்காரர் நான்கு விசைகளை அழுத்திப் பார்த்தார். "போர்டு போயிடுச்சு தம்பி. செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். இருப்புப் பதிவேட்டில் "பழுது" என்று எழுதித் தள்ளிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. வாடகைக்குக் கருவி எடுத்தாலோ, மன்றத்தின் கையிருப்பில் பெரும்பகுதி போய்விடும். நாடகக் குழுவினருக்கு உடை வாங்கப் பணம் இராது. இசைக்க இருந்த வேதியியல் துறை நண்பனுக்கு வீட்டில் கருவி கிடையாது. இந்தக் கீபோர்டில்தான் அவன் கற்றதெல்லாம்.

அப்போதுதான் நான் முந்திரிக்கொட்டையாக முன்வந்தேன். "ஓசை போனால் போகட்டும். விசைகள் வேலை செய்கின்றன அல்லவா? கீபோர்டை வெறும் விசைப்பலகையாக வைத்துக்கொண்டு, ஓசையை என் மடிக்கணினியில் எழுப்பிக்கொள்ளலாம்" என்றேன். எல்லோரும் மகிழ்ந்தனர். ஆனால் அன்று மாலை அனைவர் முன்னிலையிலும் இணைத்துப் பார்த்தபோது, கணிப்பொறியும் ஊமையாயிற்று!

மிடி என்பது யாது?

கீபோர்டையும் கணிப்பொறியையும் இணைக்கும் மொழிக்கு "மிடி" என்று பெயர். 1981-ஆம் ஆண்டில் அமெரிக்கரான டேவ் ஸ்மித் என்பவரும் செட் வுட் என்பவரும், எல்லா நிறுவனங்களின் சிந்தசைசர்களும் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஒரு பொதுமுறை வேண்டும் என்று கட்டுரை வாசித்தனர். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுடாரோ ககேஹாஷி அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தார். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் நிறுவனத்துக் கருவியான புராஃபெட்-600 என்பதையும் ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 என்பதையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினர். ஒன்றை வாசிக்க, மற்றொன்றும் ஒலித்தது. சந்தையில் ஒருவரையொருவர் முந்த முயன்ற நிறுவனங்கள் ஒரே மொழிக்கு உடன்பட்டது வியப்புக்குரிய செயலாகும். இதற்காக ஸ்மித், ககேஹாஷி இருவருக்கும் 2013-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது அளிக்கப்பட்டது. 2020-இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. எனினும் முதற்பதிப்பின் மொழியைப் பேசும் கருவிகள் எங்கும் வழக்கில் உள்ளன. எங்கள் கீபோர்டும் அதையே பேசுவது.

இங்கே ஒன்றை அழுத்தந்திருத்தமாக மனத்தில் கொள்ளவேண்டும். மிடிக் கம்பியில் ஓசை செல்வதே இல்லை. செய்தி மட்டுமே செல்கிறது. நாதசுர இசையை ஒலிப்பதிவு செய்வது வேறு. எந்த சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்று தாளில் எழுதி அனுப்புவது வேறு. மிடி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அத்தாளைப் படித்து ஓசை எழுப்புவது சிந்தசைசரின் வேலை. அந்த சிந்தசைசர் தனிக்கருவியாகவும் இருக்கலாம்; கணிப்பொறியில் ஓடும் நிரலாகவும் இருக்கலாம். பின்னதையே மென்பொருள் சிந்தசைசர் என்கிறோம். நான் பயன்படுத்தியது சின்-ஆட்-சப் என்னும் இலவச நிரல். ருமேனியரான பால் நாஸ்கா என்பவர் 2002-இல் வெளியிட்டது.

ஒரு செய்தி எப்படி இருக்கும்? நடு "சி" என்னும் சுரத்தின் எண் 60. அதனை மிதமான வேகத்தில் அழுத்தினால் கீபோர்டு மூன்று எண்களை அனுப்பும்: 144, 60, 64. முதல் எண் "விசை அழுத்தப்பட்டது" என்னும் அறிவிப்பு. இரண்டாவது எந்த விசை என்பது. மூன்றாவது எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பது. விரலை எடுத்தால் "விசை விடப்பட்டது" என்று இன்னொரு செய்தி செல்லும். பழைய ஐந்துமுனைக் கம்பியில் ஒரு நொடிக்கு 31,250 பிட்கள் செல்கின்றன. தொடக்கப் பிட், முடிவுப் பிட் இரண்டையும் சேர்த்து ஓர் எண்ணுக்குப் பத்துப் பிட்கள். எனவே மூன்று எண்கள் கொண்ட செய்தி சென்று சேர 0.96 மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது.

தெருவும் கதவு எண்ணும்

மிடியில் பலரும் குழம்பும் இடம் இரண்டு: ஒன்று போர்ட், மற்றொன்று சேனல். இரண்டையும் ஒன்றென்று எண்ணியே முதல் நாள் நானும் வழிதவறினேன்.

கடிதத்தை எடுத்துக்கொள்வோம். முகவரியில் தெருவும் உண்டு, கதவு எண்ணும் உண்டு. போர்ட் என்பது தெரு. எந்தக் கருவியிலிருந்து எந்த நிரலுக்குச் செய்தி போகவேண்டும் என்னும் பாதையே அது. சேனல் என்பது கதவு எண். ஒவ்வொரு தெருவிலும் பதினாறு கதவுகள் உண்டு. செய்தி அத்தெருவிலுள்ள எல்லாக் கதவுகளின் முன்னும் செல்லும். ஆனால் தன் எண் எழுதப்பட்ட செய்தியை மட்டுமே ஒரு வீட்டார் எடுத்துக்கொள்வர். தெரு சரியாக இருந்து கதவு எண் தவறினாலும் கடிதம் சேராது. கதவு எண் சரியாக இருந்து தெரு தவறினாலும் சேராது.

கதவு எண் எங்கே எழுதப்படுகிறது? மேலே கூறிய 144 என்ற முதல் எண்ணுக்குள்ளேயே! 144-ஐ இருமை எண்ணாக எழுதினால் 10010000. முதல் நான்கு பிட்கள் "விசை அழுத்தப்பட்டது" என்பதைக் குறிக்கும். கடைசி நான்கும் சேனலைக் குறிக்கும். நான்கு பிட்களால் 0 முதல் 15 வரை பதினாறு எண்களை எழுதலாம். ஆகவேதான் பதினாறு சேனல்கள். கருவிகளோ மனிதருக்கு ஏற்றவாறு அவற்றை 1 முதல் 16 என்று காட்டுகின்றன. உள்ளே 0 என்பது வெளியே 1. உள்ளே 1 என்பது வெளியே 2. தரைத்தளத்தை ஒருவர் முதல் தளம் என்பார், மற்றொருவர் அதற்கு மேலுள்ளதை முதல் தளம் என்பார். இருவரும் ஓரிடத்தில் சந்திக்கமாட்டார்கள் அல்லவா? அதுபோன்ற கதையே இது. இதனை நினைவில் வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

முதல் இரவு

விடுதி அறையில் கீபோர்டையும் மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு அன்றிரவு நான் செய்ததை இப்போது நினைத்தால் நாணமாக இருக்கிறது. ஒரு கம்பியை மாற்றிச் செருகுவேன், விசையை அழுத்துவேன், ஓசை இல்லை. "இது காரணமில்லை" என்று முன்பிருந்தபடியே செருகிவிடுவேன். ஓர் அமைப்பை மாற்றுவேன், ஓசை இல்லை, பழையபடி வைத்துவிடுவேன். நிரலை நீக்கி மீண்டும் நிறுவினேன். கணிப்பொறியை ஏழெட்டு முறை நிறுத்தித் தொடங்கினேன். விடியும்போது, மறுநாள் மன்றத்தில் சொல்லவேண்டிய சொற்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன்: "விசைகளுக்கான போர்டும் போய்விட்டது." கடைக்காரர் சொன்னதோடு என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். காலையில் மன்றத்தில் அப்படியே கூறியும்விட்டேன்.

அன்று சனிக்கிழமை. ஊருக்குச் சென்றேன்.

சீரியல் செட் பாடம்

என் தந்தையார் மைக் செட் போடும் தொழில் செய்பவர். கோயில் கொடை, திருமணம், காதணி விழா என்று எங்கு அழைத்தாலும் ஆம்ப்ளிபயரும் குழாய் ஸ்பீக்கரும் சீரியல் செட்டும் ஏற்றிக்கொண்டு செல்வார். ஐந்தாம் வகுப்புக்குமேல் அவர் படிக்கவில்லை. அன்று மாலை, எங்கள் வீட்டுத் திண்ணையில் எரியாத சீரியல் செட் ஒன்றை விரித்துப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய மாதிரி, குண்டு பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் அமைந்தது. நான் அருகில் அமர்ந்து என் தோல்வியைச் சொன்னேன்.

"ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தேன்ப்பா. எதுலயும் வரல" என்றேன்.

"மாத்திப் பார்த்துட்டு என்ன பண்ணின?"

"வரலைன்னதும் பழையபடியே வச்சிட்டேன்."

அவர் சிரித்தார். "இதுல ரெண்டு பல்பு போயிருக்குன்னு வச்சுக்க. முதல் பல்பைக் கழட்டி நல்ல பல்பைப் போடுறே. எரியுமா?"

"எரியாது. இன்னொண்ணு போயிருக்கே."

"எரியலைன்னு நல்ல பல்பைக் கழட்டிட்டுப் பழையதையே போட்டா?"

நான் வாயடைத்துப் போனேன். தொடர் இணைப்பைப் பற்றிப் பருவத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். தொடர்ச் சுற்றில் இரு இடங்களில் துண்டிப்பு இருந்தால் ஒன்றை மட்டும் சரிசெய்வதால் மின்னோட்டம் பாயாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் முன்னால் கிடப்பது ஒரு தொடர்ச் சுற்று என்பதுதான் தெரியவில்லை. இரவெல்லாம் நான் செய்தது என்ன? சரியானதைத் தவறென்று எண்ணி, மறுபடி மறுபடி தவறாக்கிக்கொண்டிருந்தேன்!

"அப்போ எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"எரியுதான்னு பார்க்காதே. எதுவரைக்கும் வருதுன்னு பாரு" என்று டெஸ்டரைக் காட்டினார். மைக் செட்டுக்கும் அதே வழிதான் என்றார். மைக்கில் பேசி ஓசை வராவிட்டால் அவர் முதலில் மைக்கைத் தொடமாட்டார். மைக் கம்பியை ஆம்ப்ளிபயர் பக்கத்தில் விட்டுவிட்டு, மைக் முனையைக் கழற்றி, அதன் நடு ஊசியை விரலால் தொடுவார். குழாயில் "ஊம்" என்று இரைந்தால், அங்கிருந்து ஸ்பீக்கர் வரை எல்லாம் நலம், பழுது மைக்கில்தான். இரையாவிட்டால் மைக்கைப் பழிப்பதில் பயனில்லை. அந்த "ஊம்" நம் உடலில் தொற்றும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் என்பதை நான் அவருக்குச் சொன்னேன். "அது என்னமோ, அது இரைஞ்சா ஸ்பீக்கர் நல்லாருக்கு" என்றார்.

கணுக் கணுவாக

ஞாயிறு இரவு விடுதிக்குத் திரும்பியதும் தாளில் பாதையை வரைந்தேன்: விசை, கீபோர்டின் மிடி வெளிவாய், கம்பி, யு.எஸ்.பி. அடாப்டர், கணிப்பொறியின் போர்ட், நிரலின் போர்ட், சேனல், சிந்தசைசர், ஒலிபெருக்கி. ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு சாட்சி வேண்டும் என்று முடிவு செய்தேன். ஓசை என்பது கடைசிக் கணுவின் சாட்சி மட்டுமே. நடுவில் நடப்பதை அது சொல்லாது.

முதலில் கடைசிக் கணு. சின்-ஆட்-சப் நிரலுக்குள் திரையில் தோன்றும் விசைப்பலகை ஒன்று உண்டு. சுட்டியால் அதனை அழுத்தினேன். ஓசை வந்தது! மைக் ஊசியை விரலால் தொட்டதற்கு ஒப்பானது இது. சிந்தசைசரும் ஒலிபெருக்கியும் நலம். பழுது அதற்கு முன்னால்தான். பாதையின் பாதி ஒரே நொடியில் விசாரணையிலிருந்து விடுபட்டது.

அடுத்து முதற்கணு. என் கணிப்பொறியில் ஓடும் லினக்ஸில், வரும் மிடிச் செய்திகளைத் திரையில் அச்சிட்டுக் காட்டும் ஏ-சீக்-டம்ப் என்னும் சிறு நிரல் உண்டு. அதனை ஓடவிட்டு விசையை அழுத்தினேன். திரை வெறுமையாகவே இருந்தது. போர்ட் பட்டியலில் பெயர் தெரிகிறதே என்று முதல் நாள் நான் ஏமாந்திருந்தேன். பட்டியலில் தெரிவது அடாப்டரின் பெயர். கீபோர்டின் பெயர் அன்று. அடாப்டருக்கும் கீபோர்டுக்கும் இடையில் கம்பியே இல்லாவிட்டாலும் அப்பெயர் தெரியும்.

அடாப்டரின் இரு முனைகளில் ஒன்றில் "இன்" என்றும் மற்றதில் "அவுட்" என்றும் எழுதியிருந்தது. கீபோர்டின் "அவுட்" வாயில் "அவுட்" முனையைச் செருகியிருந்தேன். பெயர் பொருந்துகிறதே என்ற எண்ணம்தான். ஆனால் கீபோர்டிலிருந்து வெளியே செல்வது அடாப்டருக்கு உள்ளே வருவதாகும். எனவே எங்கள் அடாப்டரில் "இன்" முனையே கீபோர்டின் "அவுட்" வாயில் செல்லவேண்டும். வேறு சில அடாப்டர்களில் இதற்கு மாறாக, எந்த வாயில் செருகவேண்டுமோ அதன் பெயரையே எழுதியிருப்பர். ஆகவே எழுத்தை நம்பாமல், விசையை அழுத்தும்போது அடாப்டரின் விளக்கு மினுக்குகிறதா என்று பார்ப்பதே நன்று. மாற்றிச் செருகினேன். திரையில் வரிகள் பொழிந்தன! முதற்பழுது நீங்கியது.

இந்த மாற்றத்தை முதல் இரவிலும் நான் ஒருமுறை செய்தேன் என்பது நினைவுக்கு வந்தது. ஓசை வராததால் மீண்டும் தவறாகச் செருகியிருந்தேன்.

மூன்றாவது, தெரு. செய்தி கணிப்பொறிக்குள் வந்துவிட்டது; ஆனால் சின்-ஆட்-சப்புக்குப் போகிறதா? லினக்ஸில் இவ்விரண்டையும் நாமே இணைக்கவேண்டும். வாயிற்படி வரை வந்த கடிதம் தானாக அறைக்குள் நுழையாது. ஏ-கனெக்ட் என்னும் கட்டளையால் பட்டியலிட்டுப் பார்த்தேன். இரு போர்ட்களும் இருந்தன; இணைப்பு இல்லை. முதல் இரவில் நிரலை ஒவ்வொரு முறை மூடித் திறந்தபோதும் இணைப்பு அறுந்துபோயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இணைத்தேன். இரண்டாம் பழுதும் நீங்கியது. விண்டோஸ் பயன்படுத்தும் நண்பர்களுக்கு இவ்விடத்தில் வேறொரு தொல்லை வரக்கூடும். அங்கே பல அடாப்டர்களின் இயக்கிகள் ஒரே நேரத்தில் ஒரு நிரலுக்கு மட்டுமே வழிவிடுவன. பின்னணியில் வேறொரு இசை நிரல் திறந்திருந்தால், புதிய நிரலுக்குச் செய்தி போகாது. அதனை மூடினால் போதும்.

இருந்தும் ஓசை இல்லை. ஆனால் இம்முறை நான் சரிசெய்தவற்றைத் தொடவில்லை. அவற்றுக்குச் சாட்சி இருந்தது. மிஞ்சிய கணு ஒன்றே: சேனல். ஏ-சீக்-டம்ப் திரையில் சேனல் 1 என்றுதான் காட்டியது. சின்-ஆட்-சப்பிலும் முதல் பகுதி மட்டும் திறந்து, சேனல் 1-ஐக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் 1. பின் என்ன குறை? ஒரு மணி நேரம் விழித்தபின், கீபோர்டின் அமைப்புப் பட்டியலைப் புரட்டினேன். அதன் சிறு திரையில் அனுப்பும் சேனல் 2 என்றிருந்தது!

தளக் கதை நினைவிருக்கிறதா? ஏ-சீக்-டம்ப் 0 முதல் எண்ணுகிறது. அதன் 1 என்பது கீபோர்டின் 2. கீபோர்டு அனுப்பியது 145. சின்-ஆட்-சப் எதிர்பார்த்தது 144. 10010001 என்பதற்கும் 10010000 என்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு பிட். கீபோர்டில் சேனலை 1 என்று மாற்றி, விசையை அழுத்தினேன். இரவு பதினொன்றரை மணிக்கு விடுதியே விழித்துக்கொள்ளும்படி ஓசை எழுந்தது.

எல்லா நிரல்களும் இவ்விடத்தில் ஊமையாவதில்லை என்பதையும் கூறவேண்டும். ஃபுளூயிட்-சிந்த் என்னும் நிரல் பதினாறு சேனல்களையும் கேட்கும். அங்கே சேனல் தவறினாலும் ஓசை வரும், ஆனால் வேறு வாத்தியத்தின் ஓசையாக இருக்கக்கூடும். 1991-இல் வகுக்கப்பட்ட பொது மிடி முறையில் 10-ஆம் சேனல் தாளக் கருவிகளுக்கு உரியது. ஆகவே பியானோ வாசிக்க, டமாரம் ஒலித்தால் அஞ்சவேண்டாம். உங்கள் கீபோர்டு 10-ஆம் சேனலில் பேசிக்கொண்டிருக்கிறது.

ஊமை பாடியது

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் என் திறமையை மெச்சிக்கொண்டு உறங்கியிருப்பேன். விளையாட்டாக, அடாப்டரின் மற்ற முனையைக் கீபோர்டின் "இன்" வாயில் செருகி, கணிப்பொறியிலிருந்த ஒரு பாட்டின் மிடிக் கோப்பைக் கீபோர்டுக்கு அனுப்பினேன். "போர்டு போய்விட்டது" என்று தீர்ப்பளிக்கப்பட்ட கீபோர்டு, தன் சொந்த ஸ்பீக்கரில் அப்பாட்டை முழுமையாகப் பாடியது!

காரணம் யாது? மிடியில் "லோக்கல் கண்ட்ரோல்" என்று ஓர் அமைப்பு உண்டு. கீபோர்டின் விசைகளுக்கும் அதன் உள்ளேயிருக்கும் ஒலிப்பகுதிக்கும் நடுவிலுள்ள பாலம் அது. கணிப்பொறியோடு இணைக்கும்போது அப்பாலத்தை மூடிவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் விசையின் செய்தி உள்வழியே ஒருமுறையும், கணிப்பொறி வழியே சுற்றி வந்து மறுமுறையும் ஒலிப்பகுதியை அடையும். ஒவ்வொரு சுரமும் இரட்டையாய் ஒலிக்கும். முன்பு எப்போதோ இக்கருவியைக் கணிப்பொறியோடு இணைத்தவர் யாரோ பாலத்தை மூடியிருக்கிறார். சேனலையும் 2 என்று மாற்றியிருக்கிறார். திரும்பவும் வைக்க மறந்துவிட்டார். எல்லாக் கருவிகளிலும் இவ்வமைப்பு நினைவில் தங்குவதில்லை. எங்கள் கருவியில் தங்கியிருந்தது. ஆகவே எத்தனை முறை நிறுத்தித் தொடங்கினாலும் அது ஊமையாகவே இருந்தது. அமைப்புப் பட்டியலில் "லோக்கல்" என்பதை "ஆன்" ஆக்கினேன். ஐந்து நொடி வேலை.

கீபோர்டில் மாதிரிப் பாட்டை ஒலிக்கச் செய்யும் "டெமோ" பொத்தான் ஒன்று இருக்கிறது. அதனை அழுத்தியிருந்தால் ஒலிப்பகுதி உயிரோடிருப்பது முதல் நாளே தெரிந்திருக்கும். கடைக்காரர் அழுத்தவில்லை. நானும் அழுத்தவில்லை. அவரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஒரு நல்ல கருவிக்கு மரணச் சான்றிதழ் எழுதியவர்களில் நானும் ஒருவன்.

நண்பர்களுக்கு ஒரு பட்டியல்

மென்பொருள் சிந்தசைசரை அமைக்க விழையும் நண்பர்கள் கீழ்க்கண்ட வரிசையில் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

1. நிரலுக்குள் இருக்கும் விசைப்பலகையை அழுத்துக. ஓசை வந்தால் பழுது மிடிப் பாதையில். வராவிட்டால் ஒலிபெருக்கி, ஒலியளவு, கணிப்பொறி தேர்ந்துள்ள ஒலி வெளிவாய் ஆகியவற்றைப் பார்க்க.

2. அடாப்டரின் விளக்கு மினுக்குகிறதா? இல்லையெனில் முனைகளை மாற்றிச் செருகுக.

3. வரும் செய்திகளைக் காட்டும் நிரலை ஓடவிடுக. எண்கள் தெரிந்தால் கணிப்பொறி வரை பாதை நலம்.

4. அந்தப் போர்ட் உங்கள் நிரலோடு இணைந்துள்ளதா? நிரலை மூடித் திறக்குந்தோறும் மீண்டும் பார்க்க.

5. சேனல் எண் இருபுறமும் ஒன்றுதானா? எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறதா, 1-இலா என்று உறுதி செய்க.

6. சுரம் இரட்டையாக ஒலித்தால் லோக்கல் கண்ட்ரோலை மூடுக. வேலை முடிந்ததும் திறந்துவைக்க மறவாதீர்.

இரண்டு சிறு குறிப்புகள்: விசையை அழுத்தியபின் ஓசை தாமதித்து வந்தால், நிரலின் பஃபர் அளவைக் குறைக்கவேண்டும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் கணக்கில், 1024 மாதிரிகள் கொண்ட பஃபர் 23 மில்லி நொடி தாமதம் தரும். 256 என்றால் ஏறத்தாழ 6 மில்லி நொடிதான். மிகவும் குறைத்தால் ஓசையில் பொரிபொரியென்று இரைச்சல் கலக்கும். அடுத்து, விரலை எடுத்தும் சுரம் தம்பூராபோல் நீண்டுகொண்டே போனால் "விசை விடப்பட்டது" என்னும் செய்தி வழியில் தொலைந்துவிட்டது என்று பொருள். சின்-ஆட்-சப்பில் "பேனிக்" என்னும் பொத்தான் இதற்காகவே இருக்கிறது.

முடிவாக ஒரு சொல்

கல்லூரி விழாவில் வேதியியல் நண்பன் அதே கீபோர்டில் வாசித்தான். நாடகக் குழுவினர் புத்தாடையில் மேடையேறினர். இருப்புப் பதிவேட்டில் "பழுது" என்ற சொல் எழுதப்படவில்லை.

நாம் படிக்கும் பாடங்கள் எல்லாம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவன அல்ல. தொடர் இணைப்பு என்பது மின்கலத்துக்கும் பல்புக்கும் மட்டும் உரியதென்று நினைத்திருந்தேன். பல கணுக்களைக் கடந்து பயன் தரும் எதுவும் ஒரு தொடர் இணைப்பே. அங்கே முடிவை மட்டும் பார்த்து "ஆகாது" என்று தீர்ப்பளிப்பது அறிவியல் முறை ஆகாது. எதுவரை வந்து எங்கே நின்றது என்று கேட்பதே முறை. ஆய்வுக்கூடத்தில் கற்கவேண்டிய இதனை நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் கற்றேன். மறுவாரம் ஊருக்குச் சென்றபோது, இரண்டாவது பல்பு எங்கே இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டு இல்ல, மூணு போயிருந்துச்சு" என்றார்.

மேற்கண்ட பட்டியலைத் தாளில் எழுதிக் கீபோர்டின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஏழாவது எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன். புதிய பழுது ஒன்றைக் கண்டுபிடிக்கும் நண்பர் அதனை நிரப்புக.